பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் கடன் கேட்கும் முன்

கார் வாங்க 7,000 பவுண்டு வேண்டும், எந்த வங்கியில் வட்டி குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் தயார் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாகவும், பிரிட்டனுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் வங்கியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை வேறு.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் ஏபிஆர் விகிதம் (வட்டியும் கட்டாயக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் செலவு, சதவீதத்தில்) எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கடன் பெறுவோரில் குறைந்தது 51 சதவீதம் பேருக்கு அந்த விகிதமோ அதைவிடக் குறைவானதோ கிடைத்தால் போதும் என்பதுதான் விதி. மற்றவர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கூடலாம். புதிதாக வந்தவர் பெரும்பாலும் அந்த மற்றவர்களில் ஒருவர்தான். ஊரில் உங்கள் சிபில் மதிப்பெண் (இந்தியாவில் கடன் வரலாற்றுக்குத் தரும் மதிப்பெண்) 800 இருந்திருக்கலாம். இங்குள்ள வங்கிகள் பொதுவாகப் பார்ப்பது எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் வைத்திருக்கும் கடன் வரலாற்றுப் பதிவைத்தான். அதில் உங்கள் பக்கம் இப்போது கிட்டத்தட்ட வெறுமை.

அதை நிரப்பச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது, நம்மவர்கள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்: வாக்காளர் பட்டியல். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே வசித்தால், பிரிட்டன் குடியுரிமை இல்லாமலே பதிவு செய்யலாம். முகவரியைச் சரிபார்க்க வங்கிகள் அதையும் பார்க்கின்றன.

பதியும்போது பெயரைக் கவனியுங்கள். இனிஷியல் நமக்குப் பெரிய தலைவலி. வங்கியில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், மொபைல் ஒப்பந்தத்தில் முன்பெயராகவும், வாக்காளர் பட்டியலில் வெறும் எழுத்தாகவும் இருந்தால், ஒரே ஆளின் பதிவு இரண்டாகச் சிதற வாய்ப்புண்டு. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் கொடுங்கள். மூன்று நிறுவனங்களிடமும் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நாலு வங்கியில் போட்டு வைப்போம், எது கிடைக்கிறதோ பார்ப்போம் என்ற நினைப்பு வேண்டாம். முழு விண்ணப்பம் ஒவ்வொன்றும் ஹார்ட் சர்ச்சாக, அதாவது மற்ற வங்கிகளும் பார்க்கக்கூடிய தேடலாக, உங்கள் கடன் பதிவில் ஏறும். குறுகிய காலத்தில் பல சேர்ந்தால், பணத்துக்குத் தவிக்கும் ஆள் என்று அடுத்த வங்கி நினைக்கும். கடன் கிடைக்க வாய்ப்புண்டா என்று முன்கூட்டியே காட்டும் எலிஜிபிலிட்டி செக்கர் என்ற வசதி, சாஃப்ட் சர்ச் என்ற மேலோட்டமான தேடலை மட்டுமே செய்கிறது. அதை மற்ற வங்கிகள் பார்க்க முடியாது. அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள், விண்ணப்பம் ஓரிடத்தில் மட்டும் போடுங்கள். சம்பளம் வரும் வங்கியில் முதலில் பார்ப்பது நல்லது. சில வங்கிகள் தங்கள் கணக்குதாரருக்கு மட்டுமே கடன் தருகின்றன. விசா முடியும் தேதிக்கு அப்பால் தவணை நீண்டால் மறுப்பதும் உண்டு.

மாதத் தவணை குறைகிறதே என்று காலத்தை நீட்டாதீர்கள். உதாரணத்துக்கு, 7 சதவீத ஏபிஆரில் 7,500 பவுண்டை மூன்று ஆண்டில் அடைத்தால் வட்டி சுமார் 810 பவுண்டு. ஐந்து ஆண்டென்றால் சுமார் 1,365.

அவசரமாகப் பணம் வேண்டும், தொகையும் சிறியது என்றால் உங்கள் பகுதி கிரெடிட் யூனியனை (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கம்) கேளுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அவர்கள் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 1,000 பவுண்டை ஓராண்டில் தவணையாகக் கட்டினால் அதிகபட்ச வட்டியே ஏறத்தாழ 205 பவுண்டுதான். அடுத்த சம்பளம் வரை சமாளிக்க வாங்கும் பேடே கடனில் சட்டப்படியே, வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை வட்டியும் கட்டணமுமாக வசூலிக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கடன் வாங்கியபின் மனம் மாறினால் 14 நாளுக்குள் விலகலாம். அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டினால் போதும்.

கடைசியாக நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தொலைபேசி அழைப்பு. கடன் தயார், காப்பீட்டுக்கு முதலில் 150 பவுண்டு அனுப்புங்கள் என்று கேட்பது வழக்கமான மோசடி. அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரை எஃப்சிஏ (பிரிட்டனின் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பு) பதிவேட்டில் தேடி, அங்குள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அல்ல.