உதவி தேவை: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மோலாரிட்டி, விடை இடிக்கிறது

நாளை காலை வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டும், இந்த ஒரு கணக்கில் ஒரு மணி நேரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். நிறைப்படி 37% ஹைட்ரோகுளோரிக் அமிலம், அடர்த்தி 1.19 கிராம்/மிலி. அ) மோலாரிட்டி, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல், என்ன? ஆ) இதிலிருந்து 0.5 மோலார் கரைசல் 250 மிலி தயாரிக்க எத்தனை மிலி அமிலம் வேண்டும்? இ) என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது, அதை இன்னும் படிக்கவே இல்லை.

நான் செய்தது: 100 கிராமில் 37 கிராம் அமிலம், மீதி 63 கிராம் தண்ணீர். ஒரு மோல் அமிலம் 36.5 கிராம், ஆக 37 ÷ 36.5 = 1.0137 மோல். 63 கிராம் தண்ணீர் என்றால் 63 மிலி, அதாவது 0.063 லிட்டர். வகுத்தால் 16.09 வருகிறது. புத்தகத்தின் கடைசியில் 12.06 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

பின்பெஞ்ச்:
அச்சுப்பிழை மாதிரி தெரியவில்லை. ஆனால் ஏன் 63? 37% என்றால் 100 மிலியில் 37 கிராம், அப்போது 1.0137 ÷ 0.1 = 10.14 தானே வர வேண்டும்? எனக்கும் 12 வரவில்லை.

ஆய்வகவாசி:
இரண்டு பேரும் ஆளுக்கொரு இடத்தில் சறுக்கியிருக்கிறீர்கள். முதலில் பின்பெஞ்ச்: கேள்வியில் ‘நிறைப்படி’ என்று இருக்கிறது, ஆக 37 கிராம் இருப்பது 100 கிராம் கரைசலில், 100 மிலியில் அல்ல. அடர்த்தியைக் கொடுத்திருப்பதே அதற்காகத்தான். கொடுத்த ஒரு எண்ணைத் தொடாமலேயே விடை வந்துவிட்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும், உங்கள் இருவர் வழியிலுமே 1.19 எங்கேயும் வரவில்லை பாருங்கள்.

கேட்டவருக்கு: மோல் கணக்கு சரி, வகுத்த இடம்தான் தப்பு. மோலாரிட்டிக்கு ஒரு லிட்டர் கரைசல் வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீர் அல்ல. நீங்கள் கரைப்பானை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். 100 கிராம் கரைசலின் பருமன் 100 ÷ 1.19 = 84.03 மிலி. 1.0137 ÷ 0.08403 போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
12.06! அப்பாடா. ஆ) பிரிவுக்கு 0.5 × 0.25 = 0.125 மோல், அதை 12.06 ஆல் வகுத்தால் 0.01036 லிட்டர், அதாவது சுமார் 10.4 மிலி. இதை 250 மிலி தண்ணீரில் ஊற்ற வேண்டும், சரிதானே?

ஆய்வகவாசி:
10.4 சரி, கடைசி வரி தப்பு, மறுபடியும் அதே பழைய குழப்பம். 250 மிலி தண்ணீரில் ஊற்றினால் மொத்தம் 260 மிலி பக்கம் போய்விடும், செறிவு 0.48 தான் இருக்கும். அளவுக் குடுவையில் முதலில் பாதி அளவு தண்ணீர், அதில் அமிலம், அப்புறம் கழுத்தில் இருக்கும் கோடு வரை தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கந்தக அமிலத்தில் இதை மறந்தால் கொதித்துத் தெறிக்கும். இதில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் பழக்கம் பழக்கமாகவே இருக்கட்டும். பாட்டிலைத் திறந்தாலே புகை மூக்கில் ஏறும், கரைந்திருப்பது ஒரு வாயு என்பதால்.

பின்பெஞ்ச்:
ஒரு சந்தேகம். கரைசலைச் சூடாக்கினால் இந்த 12.06 மாறுமா? வாயு வெளியே போகாது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆய்வகவாசி:
மாறும், கொஞ்சம் குறையும். மோல் அப்படியே இருக்கும், கரைசல் விரிந்து பருமன் கூடிவிடும். பருமனே வராத அளவு என்றால் மோலாலிட்டி, ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்பது. நிறை சூட்டில் மாறாது, அதனால் அதுவும் மாறாது.

கேட்டவர்:
இருங்கள், இப்போதுதான் இ) பிரிவைப் பார்க்கிறேன். ‘இக்கரைசலின் மோலாலிட்டியைக் காண்க’. கரைப்பான் 63 கிராம், 0.063 கிலோ, மோல் 1.0137... அப்படியானால் நான் முதலில் போட்ட 16.09?

ஆய்வகவாசி:
அதேதான். அடித்துவிட்டீர்களா?

கேட்டவர்:
பேனாவால் அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன், நன்றி.