கோட்கர் ஆப்பிளும் கோயம்பேட்டுக் கணக்கும்

*குழு: நம் குடும்பம்*

அண்ணன் (சோலன், இமாச்சல்): பெரியப்பா, கோயம்பேட்டில் பழ வியாபாரம் செய்பவர் நீங்கள், ஒரு யோசனை வேண்டும். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குக் கோட்கரில் ஆப்பிள் தோட்டம் இருக்கிறது. மண்டி விலை கட்டுப்படியாகவில்லையாம். சென்னை வீடுகளுக்கு நேரடியாக அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அத்தை: கோட்கர் எங்கே இருக்கிறது?

அண்ணன் (சோலன்): சிம்லாவுக்கு அப்பால், அத்தை. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916இல் டெலிஷியஸ் என்ற ஆப்பிள் வகைக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்ட ஊர்.

பெரியப்பா: வரலாறு இருக்கட்டும். பெட்டியை எப்படி அடுக்குகிறார்?

அத்தை: நன்றாகக் கேளுங்கள் அண்ணா! தெருமுனைக் கடையில் வாங்கிய பெட்டியில் மேலே அழகழகான பழம், அடியில் எல்லாம் எலுமிச்சை அளவு.

பெரியப்பா: அப்படி ஒரு பெட்டி மாட்டினாலே அந்தத் தோட்டத்துச் சரக்கு முழுவதற்கும் விலையைக் குறைத்துத்தான் கேட்போம். அளவு வாரியாகப் பிரித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அண்ணன் (சோலன்): 2024 முதல் இங்கே ஒரே அளவான யுனிவர்சல் கார்ட்டன் அட்டைப்பெட்டிதான், பெரியப்பா. ஏறத்தாழ 20 கிலோ பிடிக்கும். ஒன்றின் மேல் ஒன்றைச் செருகி உயரத்தைக் கூட்டக்கூடிய பழைய டெலஸ்கோப்பிக் பெட்டியில் 30 கிலோ வரை திணிப்பார்கள். ஆனால் அப்போது விலை பெட்டிக்கு இவ்வளவு என்றுதான். கூடுதலாகப் போன பழத்துக்குக் காசே கிடையாது.

பெரியப்பா: அது விவசாயிக்கு நல்ல மாற்றம். ஆனால் வீட்டுக்கு ஒரு பெட்டி கூரியரில் வேண்டாம்; லாபம் கூலியிலேயே போய்விடும். ஒரே குடியிருப்பில் ஆர்டர் சேர்த்து லாரியில் அனுப்பட்டும்.

சித்தப்பா: முதல் விலையைப் பிடிக்க எத்ரல் என்ற பழுக்கவைக்கும் மருந்தை அடித்துச் சிவக்க வைக்கிறார்களாமே?

அண்ணன் (சோலன்): சிலர் செய்கிறார்கள், சித்தப்பா. நிறம் வரும், ருசி வராது, சீக்கிரம் மாவாகிவிடும். இவர் பழத்தை வெட்டி அயோடின் தடவிப் பார்த்துப் பறிக்கிறார். மாவுச்சத்து மிச்சம் இருந்தால் கருநீலமாகிவிடும், அதாவது இன்னும் முற்றவில்லை.

பெரியப்பா: அப்படியானால் ஒன்று சொல். செப்டம்பர், அக்டோபரில் காஷ்மீர்ச் சரக்கு வந்து குவியும்போது எல்லாவற்றையும் இறக்க வேண்டாம். அடிபடாத முதல் தரத்தில் ஒரு பகுதியை சிஏ எனப்படும், உள்ளே இருக்கும் காற்றைக் கட்டுப்படுத்தும் கிடங்கில் வைக்கட்டும். அங்கே குளிரோடு ஆக்சிஜனையும் குறைத்து வைப்பதால் மாதக்கணக்கில் தாங்கும். பிப்ரவரியில் நல்ல பழத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கிடங்கு வாடகையைக் கழித்த பிறகும் லாபம் நிற்குமா என்று முதலில் கணக்குப் போடட்டும்.

சித்தப்பா: அடிபட்டதை என்ன செய்வது?

அண்ணன் (சோலன்): அரசு நிறுவனமான எச்பிஎம்சி வாங்கிச் சாறு எடுக்கிறது, சித்தப்பா. விலை குறைவுதான்.

பெரியப்பா: குறைவானாலும் அங்கேயே போகட்டும். நல்ல பெட்டியில் மட்டும் கலந்துவிட வேண்டாம். பெட்டி மேல் அளவு, எடை, பறித்த தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

அத்தை: எங்கள் குடியிருப்பில் நான் கேட்கிறேன். நடுத்தர அளவு போதும். பெரிய பழத்தில் பாதியைக் குழந்தைகள் வைத்துவிடுகிறார்கள். விலை என்னவென்று சொல்லவே இல்லையே?

அண்ணன் (சோலன்): லாரிக் கூலியைக் கேட்டுவிட்டு நாளை எழுதுகிறேன், அத்தை.