செட்டிநாட்டுக் காரையில் சுண்ணாம்பு இவ்வளவு அதிகமாக இருக்குமா?

கேள்வி: காரைச்சுவர்
காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. முகப்புச் சுவரின் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. அதே கலவையில் ஒட்டுப்போட வேண்டும். 50 கிராம் காரையை 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தேன். மிஞ்சியது 26 கிராம் மணல்தான். கன அளவுக்கு மாற்றினால் சுண்ணாம்பு மணலைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு! கொத்தனாரோ ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல் என்கிறார். எது சரி?

பதில்: சல்லடை
கொத்தனாரை உடனே தள்ளிவிடாதீர்கள். ஒன்றுக்கு இரண்டு என்றால் கரையும் பங்கு எடையில் 20% அளவில்தான் இருக்கும், உங்களுக்கு 48%. காரையில், சுண்ணாம்புக்காகச் சுட்டபோது வேகாமல் தங்கிய கிளிஞ்சல் துணுக்கு இருந்தால் அதையும் அமிலம் தின்றுவிடும், கணக்கில் அது சுண்ணாம்பாக ஏறிவிடும். அடுத்த மாதிரியை முதலில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி உதிர்த்து, லென்ஸில் பாருங்கள். வளைந்த, பளபளக்கும் வெள்ளைச் சில்லுகள் தெரிந்தால் அமிலக் கணக்கை நம்ப வேண்டாம். காரையை மெல்லிய சீவலாக வெட்டி, மணல், சுண்ணாம்பு, கிளிஞ்சல் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று நுண்ணோக்கியில் எண்ணுவதுதான் வழி.

இன்னொன்று: பூச்சின் எல்லா அடுக்குகளையும் சேர்த்து இடித்தீர்களா? மேல் அடுக்குகளில் சுண்ணாம்பு இயல்பாகவே அதிகம்.

காரைச்சுவர்
ஆமாம், சேர்த்துத்தான் இடித்தேன்.

பதில்: படிகம்
அப்படியானால் அடுக்கடுக்காகக் கத்தியால் சுரண்டித் தனித்தனியாகச் செய்யுங்கள். எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷனுக்கும் (எக்ஸ் கதிரால் படிக வகையைக் கண்டறியும் சோதனை) கொஞ்சம் அனுப்புங்கள். கால்சியம் கார்பனேட்டுக்கு அரகோனைட், கால்சைட் என இரு படிக வடிவங்கள் உண்டு. அரகோனைட் நன்றாகத் தெரிந்தால் வேகாத கிளிஞ்சல் என்று சந்தேகிக்கலாம். சுட்ட சுண்ணாம்பு காற்றில் இறுகும்போது பெரும்பாலும் கால்சைட்டாகத்தான் மாறும். ஆனால் சிப்பி ஓடு பெரும்பாலும் கால்சைட். அரகோனைட் இல்லை என்பதால் ஓடே இல்லை என்று ஆகிவிடாது. மாதிரியை 105 டிகிரியில் காயவைக்காதீர்கள், ஜிப்சம் (நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்) இருந்தால் நீரை இழந்துவிடும். 40 டிகிரி போதும்.

பழைய காரையில் சேர்த்த கடுக்காய், வெல்லம் பற்றி ஒரு சொல். அகச்சிவப்பு அலைமாலைச் சோதனையில் அவை தெரியவில்லை என்பதால் சேர்க்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். கரிமப்பொருள் காலப்போக்கில் சிதைந்துவிடும்.

பதில்: சல்லடை
கலவையைவிட உப்பு முக்கியம். 5 கிராம் பொடியை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, இரண்டு குழாயில் பிரியுங்கள். ஒன்றில் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும்: வெண்வீழ்படிவு வந்தால் குளோரைடு. மற்றதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும்: வீழ்ந்தால் சல்பேட். சல்பேட் வந்தால் அருகில் பழைய சிமெண்ட் ஒட்டு இருக்கிறதா என்று தேடி, அதை முதலில் கொத்தி எடுங்கள். ஈரம் ஏறும் வழியையும் அடைத்த பிறகுதான் புதுப் பூச்சு. இல்லாவிட்டால் கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் அதுவும் உதிரும்.