ப்ரொஃபைல் படத்தை மாற்றியும் சில இடங்களில் பழைய படமே வருகிறது

கணக்கு_டீச்சர்:
கூகுள் அக்கவுண்ட்டில் படத்தை மாற்றி ஒரு வாரம் ஆகிறது. ஜிமெயிலில் புதுப்படம் வந்துவிட்டது. ஆனால் வேர்ட்பிரஸ் வலைப்பூக்களில் நான் எழுதிய பின்னூட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் பழைய குடும்பப் படம்தான். அந்தத் தளங்களில் நான் படம் எதையும் ஏற்றவே இல்லை. கூகுள் வழியாக லாகின் செய்து சேர்ந்த ஒரு பாடத் தளத்திலும் இதே கதை.

இன்னொன்று: வாட்ஸ்அப்பில் ப்ரொஃபைல் போட்டோவை 'மை கான்டாக்ட்ஸ்' என்று வைத்திருக்கிறேன். ஆனாலும் மாணவர்களின் பெற்றோருக்குப் படம் தெரிகிறது. எங்கே கோளாறு?

சர்வர்_சாமி:
பின்னூட்டப் படத்துக்கும் கூகுளுக்கும் சம்பந்தமே இல்லை. அது க்ராவட்டரிலிருந்து வருகிறது. வேர்ட்பிரஸ் நிறுவனமான ஆட்டோமேட்டிக் 2007-இல் வாங்கிய சேவை அது. பின்னூட்டம் போடும்போது நீங்கள் கொடுக்கும் மெயில் முகவரியை வலைப்பூ ஒரு ஹாஷாக (முகவரியிலிருந்து கணக்கிட்ட எழுத்து-எண் கோவை) மாற்றி, "இதற்குப் படம் இருக்கிறதா?" என்று க்ராவட்டரைக் கேட்கும். இருந்தால் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எப்போதோ வேர்ட்பிரஸ்.காமில் கணக்குத் தொடங்கிப் படம் போட்டிருப்பீர்கள். அங்கே போடும் படம் க்ராவட்டர் படம்தான்.

பின்னூட்டம் போட்ட அதே மெயிலைக் கொண்டு க்ராவட்டரில் நுழையுங்கள். புதுப்படத்தை ஏற்றி, அந்த மெயிலுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். ரேட்டிங் (படம் எந்த வயதினருக்கு ஏற்றது என்ற குறிப்பு) கேட்டால் 'ஜி', அதாவது எல்லோருக்கும் ஏற்றது, என்று வையுங்கள். சில நிமிடங்களில் பழைய பின்னூட்டங்கள் உட்பட எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் மாறும். மாறவில்லை என்றால் பிரவுசர் கேஷை (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல்களை) துடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மெயில் முகவரிகளில் பின்னூட்டம் போட்டிருந்தால் ஒவ்வொன்றையும் அங்கே சேர்க்க வேண்டும். படம் ஆளுக்கு அல்ல, முகவரிக்கு.

அப்படியே க்ராவட்டரில் உங்கள் பெயர், ஊர், இணைப்புகள் என்று என்னென்ன இருக்கின்றன என்றும் பாருங்கள். அது பொதுப் பக்கம், யாரும் திறக்கலாம். ஹாஷை நம்பி மறைந்திருக்கவும் முடியாது. உங்கள் மெயிலை ஊகிக்கத் தெரிந்தவர் அதே ஹாஷை நொடியில் உருவாக்கி ஒப்பிட்டுவிடுவார். புனைபெயரில் எழுதும் இடங்களுக்கு க்ராவட்டரில் இல்லாத தனி மெயிலைக் கொடுப்பதே சரி.

நீலத்திரை:
மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

பாடத் தளம்: கூகுள் லாகினில் பெயரும் படமும் அந்தத் தளத்துக்குப் போகும். பல தளங்கள் முதல் தடவையே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கின்றன. பிறகு கூகுளில் மாற்றினாலும் அந்த நகல் மாறாது. அந்தத் தளத்தின் ப்ரொஃபைல் பக்கத்துக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். கூகுள் அக்கவுண்ட்டில் அந்தத் தளத்தின் இணைப்பைத் துண்டித்தாலும் ஏற்கெனவே போன நகல் போனதுதான். இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வாட்ஸ்அப்: 'மை கான்டாக்ட்ஸ்' என்றால் உங்கள் போனில் நீங்கள் சேமித்த எண்கள். உங்களைச் சேமித்தவர்கள் அல்ல. பெற்றோர் எண்களை நீங்கள் சேமித்திருப்பதால்தான் படம் தெரிகிறது. செட்டிங்ஸ், பிரைவசி, ப்ரொஃபைல் போட்டோ என்று போய் 'மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்' தேர்ந்து அவர்களை டிக் செய்யுங்கள். 'அபவுட்', ஸ்டேட்டஸ் இரண்டுக்கும் தனித்தனியாக இதே வேலை இருக்கிறது. படத்தை மறைத்தால் அவையும் மறையும் என்று நினைக்காதீர்கள்.

ஆண்டுதோறும் ஐம்பது அறுபது பேரை டிக் செய்துகொண்டிருக்க முடியாது என்பது என் எண்ணம். பள்ளிக்கு வேறு சிம் இருந்தால், ஆண்ட்ராய்டில் ஒரே வாட்ஸ்அப் செயலிக்குள் இரண்டாவது கணக்குச் சேர்க்கலாம். 2023 இறுதியில் வந்த வசதி. இரண்டுக்கும் படமும் பிரைவசியும் தனித்தனி.

டெலிகிராம் வைத்திருந்தால் அங்கே வேறு தொல்லை. புதுப்படம் போட்டாலும் பழையவை அழியாமல் பின்னால் வரிசையாக இருக்கும். படத்தைத் திறந்து தள்ளிக்கொண்டே போனால் எல்லாம் வரும். ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும்.

அல்லி_கணினியகம்:
ஃபேஸ்புக்கை யாரும் சொல்லவில்லையே. இப்போதைய ப்ரொஃபைல் படத்தின் சிறிய வடிவமும் கவர் படமும் அங்கே எப்போதுமே பொது. அதை மறைக்க வழியில்லை. ஆனால் படத்தைத் தட்டித் திறந்து அதன் ஆடியன்ஸை (யார் பார்க்கலாம் என்ற அமைப்பு) 'ஒன்லி மீ' ஆக்கினால் வெளியாட்கள் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. 'ப்ரொஃபைல் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் பழைய படங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ஆடியன்ஸ் உண்டு, அவற்றையும் பாருங்கள். இந்தியாவில் 2020 முதல் ப்ரொஃபைல் லாக் இருக்கிறது. அதைப் போட்டால் நண்பர் அல்லாதவர்கள் படத்தைப் பெரிதாக்கவோ இறக்கவோ முடியாது.

வாட்ஸ்அப்பைப் பூட்டிவிட்டு அதே படத்தை லிங்க்ட்இன்னில் பொதுவில் வைத்தால் எந்தப் பயனும் இல்லை. படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவை ஒரே படம் இருக்கும் பக்கங்களைக் கோத்துவிடும். வேலைக்கு ஒரு படம், வீட்டுக்கு வேறு படம்.

கணக்கு_டீச்சர்:
நன்றி. க்ராவட்டர் மாறிவிட்டது. ஆனால் ஒரே ஒரு வலைப்பூவில் மட்டும் சாம்பல் நிற ஆள் உருவம் வருகிறது. கூகுள் படத் தேடலிலும் பழைய படம் இன்னும் இருக்கிறது.

சர்வர்_சாமி:
சாம்பல் உருவத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்று. அங்கே வேறு மெயில் கொடுத்திருப்பீர்கள், அல்லது உங்கள் படத்தின் ரேட்டிங் 'பிஜி'யில் இருக்கும். வேர்ட்பிரஸ் வழக்கமாக 'ஜி' படங்களை மட்டுமே காட்டும். உரிமையாளர் தளர்த்தியிருந்தால்தான் மற்றவை வரும். முதலில் ரேட்டிங்கைப் பாருங்கள்.

தேடலுக்கு, கூகுளின் 'ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்' கருவியில் படத்தின் முகவரியைக் கொடுத்து விண்ணப்பியுங்கள். மூலப் பக்கத்திலிருந்து படம் உண்மையிலேயே போயிருந்தால்தான் ஏற்பார்கள். ஆகவே முதலில் அந்தப் பாடத் தளத்தில் மாற்றிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் நிராகரிப்புதான் வரும்.

புதுப்படம் ஏற்றும் முன் சதுரமாக வெட்டுங்கள். 800-க்கு 800 பிக்சல், 2 எம்பிக்குள் ஒரு ஜேபெக் போதும், பெரும்பாலான தளங்கள் ஏற்கும். மூலைகளை வட்டம் தின்றுவிடும், முகம் நடுவில் இருக்கட்டும். போனில் எடுத்த படம் என்றால் இடத் தகவல் உள்ளே இருக்கலாம். விண்டோஸில் கோப்பை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், டீடெயில்ஸ் போனால் அடியில் அதை நீக்கும் இணைப்பு இருக்கும்.