மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே,

பாலிடெக்னிக் மோட்டார் வாகனப் பிரிவுக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் கைவைத்தால் காருக்கு பவர் கூடுமா என்று மாணவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். அதற்குப் பதில் எழுதத்தான் சொல் தேடுகிறேன்.

ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பி இருக்கும். காற்று பட்டால் குளிரும். அதன் சூட்டைத் தக்கவைக்கத் தேவைப்படும் மின்னோட்டத்தை வைத்து, எவ்வளவு காற்று போகிறது என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்கிட்டு பெட்ரோல் விடும். 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று. இதே சென்சாரைப் பெரிய குழாயில் மாட்டினால் கம்பியைக் கடக்கும் காற்றின் வேகம் குறையும். ஈசியூ ஏமாந்து பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் ஓரளவு சரிக்கட்டிவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் அந்தக் காவல் கிடையாது. நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிப்பது) வரும், பிஸ்டனே போய்விடலாம்.

'நிறைகாற்று உணரி' சரியா?

— கோவை விரிவுரையாளர்

---

ஐயா, 'நிறைகாற்று' வேண்டாம். நிறைகுடம் போல வினைத்தொகையாகி, நிறைந்த காற்று என்று பொருள்படும். காற்றினது நிறை என்றால் 'காற்றுநிறை'தான். ஆனால் 'வளி' இருக்கக் காற்று எதற்கு? 'வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்று கரிகாலனைப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். காற்றை வேலைவாங்குவதுதானே எஞ்சினும்? 'வளிநிறை உணரி' என்பேன். வளி, வளை, வளையம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. சுழன்று வருவதால் வளி.

— தஞ்சைப் புலவர்

---

'வளிமுதலா எண்ணிய மூன்று' என்ற குறளில் வளி வாதம் அல்லவா? வேர் ஆராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, இவருக்குத் திங்கட்கிழமை கெடு.

— மதுரை

---

எங்கள் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு; நீங்கள் எடை என்பதையே நாங்கள் நிறை என்கிறோம். 'காற்றுநிறை' என்றால் எங்கள் பிள்ளைகள் காற்றின் எடை என்றே விளங்கிக்கொள்வார்கள். 'காற்றுத்திணிவு உணரி' என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

— யாழ்ப்பாணம்

---

பட்டறையில் ஏர்ஃப்ளோ சென்சார் என்றால் எல்லாருக்கும் புரியும். தமிழ் வேண்டுமென்றால் 'காற்றோட்ட சென்சார்' போதும். அப்புறம், கையேட்டில் இதையும் சேருங்கள்: எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் கம்பியில் படிந்து அளவு பிசகும். அதற்கென்று உள்ள ஸ்பிரேயால் துடைக்காமல் கழுவினாலே போன பவர் பல வண்டிகளில் திரும்பிவிடும்.

— திருப்பூர் பட்டறை

---

ஸ்பிரே குறிப்பைச் சேர்த்துவிட்டேன் அண்ணே, நன்றி. காற்றோட்டம் என்றால் ஜன்னல் திறந்த அறைதான் நினைவுக்கு வருகிறது. அதோடு நிறை என்ற கருத்தை விட்டால் பாடமே போச்சு. ஊட்டிக்கு ஏறினால் அதே லிட்டர் காற்றில் நிறை குறைவு, எரிக்கக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. பவர் அந்த நிறையில் இருக்கிறது. சென்சாரின் சிக்னலை ரெசிஸ்டர் வைத்து மாற்றினால் சிலிண்டருக்குள் ஒரு கிராம் காற்றுகூட அதிகம் போகாது. இதை மாணவன் பெயரிலேயே பார்க்க வேண்டும்.

புலவர் திருத்தியபடி 'காற்றுநிறை உணரி' என்று அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் என்றும் இருக்கும்; திணிவு அடிக்குறிப்பில் வரும்.

— கோவை விரிவுரையாளர்

---

அடிக்குறிப்பு போதாது. இரு நாட்டு மாணவர்களும் இணையத்தில் ஒரே பக்கத்தைப் படிக்கிறார்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

— யாழ்ப்பாணம்

---

'வளி'யை நானும் விடவில்லை. இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.

— தஞ்சைப் புலவர்