மூன்று ஆண்டுக்கு முந்தைய அலுவலக மின்னஞ்சல்களை மொத்தமாக நீக்கலாமா?

நொய்யல்:
வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். விற்பனை, கொள்முதல், கணக்கு என எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக ஒரே இலவச ஜிமெயில் கணக்குதான் உள்ளது. அதில் இடம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை தினமும் வருகிறது. பொதுக் கோப்புறையின் நிலை இன்னும் மோசம். ஒரே விலைப்புள்ளி ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’, ‘ஃபைனல் திருத்தியது’ என்று கிடக்கிறது. வாடிக்கையாளருக்குப் போனது எது என்பதை அறிய, அனுப்பிய மின்னஞ்சலைத் தேடித் திறந்தால்தான் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மின்னஞ்சல்களை மொத்தமாக நீக்கிவிடுமாறு மேலாளர் கூறுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த அடிப்படையில் பிரிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பேரேடு:
உங்கள் தயக்கம் மிகச் சரியானது, தயவுசெய்து நீக்காதீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 128ஆம் பிரிவின்படி, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்குரிய வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவோ, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. அதாவது 2022-23க்கான கெடு 2023 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டின் இன்வாய்ஸ்கள் 2029 இறுதி வரை கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு ஏதும் நிலுவையில் இருந்தால் அதற்குப் பிறகும்கூட. சப்ளையர் அனுப்பிய பில் மின்னஞ்சலில் மட்டுமே இருக்கும் நிலையில் மூன்று ஆண்டுக்கு முந்தையதை அழித்தால், நோட்டீஸ் வரும் நாளில் உள்ளீட்டு வரியை (கொள்முதலின்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை) கழித்துக்கொண்டதற்குக் காட்ட ஆதாரம் இருக்காது.

ஆகவே வயதைப் பார்த்து நீக்காமல், அளவைப் பார்த்து நீக்கத் தொடங்குங்கள். இலவசக் கணக்கின் 15 ஜி.பி. இடத்தை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஜிமெயில் தேடல் பெட்டியின் வலக்கோடியில் உள்ள வடிகட்டியில், இணைப்பு உள்ளவை, 10 எம்.பி.க்கு மேற்பட்டவை என்று குறிப்பிட்டுத் தேடுங்கள். இடத்தை அடைத்திருப்பவை பெரும்பாலும் கண்காட்சிக் கேட்டலாக்குகளும், இயந்திரப் படங்களும், ஒரே வரைபடம் பதில்மேல் பதிலாகப் போய்வந்த பிரதிகளுமாகவே இருக்கும். குப்பைத் தொட்டிக்குப் போனவையும் 30 நாள்வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், சரிபார்த்தபின் அதையும் காலிசெய்யுங்கள்.

எழுத்துரு:
பேரேடு அவர்கள் கூறியதுடன் முழுமையாக உடன்படுகிறேன். கோப்புறையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பெயரின் தொடக்கத்தில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-07-15 என எழுதினால், கணினியே காலவரிசைப்படி அடுக்கிவிடும். நாளை முதலில் எழுதினால், எல்லா மாதங்களின் 15ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். வாடிக்கையாளருக்குச் சென்றதை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி, ‘அனுப்பியவை’ என்று தனிக் கோப்புறையில் வையுங்கள். அதன்பின் ‘ஃபைனல்’ என்ற சொல்லுக்கே வேலை இருக்காது.

பழைய தமிழ்க் கடிதங்கள் உங்களிடம் உண்டா? இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே பதிவாகியிருக்கும். ஆகவே ‘குத்தகை’ என்று யூனிகோடில், அதாவது இப்போது கணினிகளில் பொதுவாகப் பயன்படும் எழுத்துக் குறியீட்டு முறையில், தேடினால், குத்தகை ஒப்பந்தமே அகப்படாது. இல்லை என்று நினைத்து அழித்துவிடும் ஆபத்து உண்டு. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றலாம். ஆனால் இடையே கலந்துள்ள ஆங்கிலச் சொற்கள் சிதைந்துபோகும் என்பதால், மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லையெனில், கோப்பின் பெயரையாவது யூனிகோடில் எழுதிவிடுங்கள்.

நொய்யல்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆலைக் கட்டடக் குத்தகை ஆவணம் உண்மையாகவே பாமினியில்தான் உள்ளது. மேலும் ஓர் ஐயம்: இணைப்பு எதுவும் இல்லாமல், ‘இந்த விலைக்குச் சம்மதம்’ என்று மட்டும் வந்த மின்னஞ்சல்களை என்ன செய்வது?

பேரேடு:
அவற்றைத் தொடவே வேண்டாம், அம்மா. வெறும் எழுத்து மட்டும் உள்ள மின்னஞ்சல் அடைக்கும் இடம் மிகக் குறைவு. தகராறு வந்தால் அதன் மதிப்போ மிக அதிகம். பிரிண்ட் எடுத்துவிட்டு மூலத்தை நீக்கினால், எங்கிருந்து, எவ்வழியாக வந்தது என்ற தலைப்பு விவரங்கள் போய்விடும். முக்கியமானவற்றை ஜிமெயிலிலேயே உள்ள ‘செய்தியைப் பதிவிறக்கு’ வசதியின் மூலம் மூல வடிவிலேயே எடுத்து, அந்தந்த நிதியாண்டின் கோப்புறையில் சேருங்கள். அந்தக் கோப்புறைக்கு அலுவலகத்துக்கு வெளியே வேறொரு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பெரிய மின்னஞ்சல்களை நீக்கும் வேலையை அந்தப் பிரதியைத் திறந்து பார்த்த பிறகே தொடங்குங்கள்.