அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஏன் போடவில்லை? ஒவ்வாமைப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
பதிந்தவர்: வட்டார மருத்துவ அலுவலர், காவிரிப் படுகை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒவ்வாமை நோய்களைக் கண்டறிவது, கையாள்வது குறித்து 2 நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஏறக்குறைய 40 பேர் வருவார்கள். பாடத்திட்டம் ஒன்றை எழுதிப் பார்த்தேன். அது நோய் எதிர்ப்பியலில் தொடங்கி, ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்), மாஸ்ட் செல் (ஹிஸ்டமினை வெளியிடும் செல்), நான்கு வகை மிகையுணர்வு என்று நீண்டு, இரண்டாம் நாள் மாலையில்தான் சிகிச்சைக்கு வந்து சேர்கிறது. எழுதிய எனக்கே அதில் நிறைவில்லை.

காரணம் இதுதான். சென்ற ஆண்டு நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரைப் புதரை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கதண்டு (பெரிய குளவி) கொட்டிவிட்டது. இரண்டே கொட்டு. பத்து நிமிடத்தில் டிராக்டரில் ஏற்றி எங்கள் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மியிருந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். பணியில் இருந்த இளம் மருத்துவர் ஏவிலும் (அரிப்பைக் குறைக்கும் ஒவ்வாமை மருந்து) ஹைட்ரோகார்ட்டிசோனும் (ஸ்டீராய்டு) போட்டு, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இருபது நிமிடம் கழித்து இரத்த அழுத்தம் பதிவாகவில்லை என்று செவிலியர் சத்தம் போட்ட பிறகுதான், கடும் ஒவ்வாமையில் உயிர்காக்கும் ஊசியான அட்ரினலின் போடப்பட்டது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அட்ரினலின் ஆம்பூல் முதல் நிமிடத்திலிருந்தே அவசர மருந்துத் தட்டில்தான் இருந்தது. மறுவாரம் அதே மருத்துவரிடம் அனாபிலாக்சிஸுக்கு (உயிருக்கு ஆபத்தான திடீர் ஒவ்வாமைக்கு) முதல் மருந்து எது, எவ்வளவு, எங்கே போடுவது என்று கேட்டேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் சொன்னார்.

தெரிந்தும் கை போகவில்லை என்றால், மேலும் தெரியவைப்பதால் என்ன பயன்? இத்தகைய பயிற்சிகளை நடத்தியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன். தோல் குத்துச் சோதனை (ஒவ்வாமைப் பொருளின் துளியைத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பது) செய்யவும் இவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பது என் இரண்டாவது ஐயம்.

மறுமொழி 1
பதிந்தவர்: பொது மருத்துவப் பேராசிரியர் (ஓய்வு)

டாக்டர் அம்மா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த இளைஞரின் கையைத் தடுத்தது அறியாமை அன்று, அச்சம். நம் மாணவர்கள் அட்ரினலினை முதன்முதலில் பார்ப்பது இதயம் நின்றுபோன நோயாளிக்கு நரம்பில் ஏற்றும்போதுதான். அதனால் அது சாவின் விளிம்பில் தொடவேண்டிய மருந்து என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிடுகிறது. தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மில்லி போட்டால் பெரும்பாலான நோயாளிகளுக்குச் சற்று நேரம் கை நடுக்கமும் படபடப்பும் வரும், அவ்வளவுதான் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஆகவே முதல் நாள் காலையில் ஐஜிஇயைப் பற்றிப் பேசாதீர்கள். நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். இங்கிலாந்தில் அனாபிலாக்சிஸால் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து பம்ஃப்ரே என்பவர் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், இதயமோ மூச்சோ நிற்பதற்கு ஆன நேரத்தின் நடுமதிப்பு உணவால் வந்தவர்களுக்கு 30 நிமிடம், பூச்சிக் கொட்டால் வந்தவர்களுக்கு 15 நிமிடம், மருத்துவமனையில் செலுத்திய மருந்தால் வந்தவர்களுக்கு 5 நிமிடம் என்று கணக்கிட்டிருந்தார். இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஏவில் வேலை செய்யத் தொடங்க எவ்வளவு நேரமாகும், ஸ்டீராய்டுக்கு எத்தனை மணி நேரமாகும் என்று அவர்களையே கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. ஏவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்குமே தவிர, அடைபடும் மூச்சுக்குழலையும் சரியும் இரத்த அழுத்தத்தையும் மீட்காது.

இன்னும் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்லுங்கள். தடிப்பே இல்லாமலும் அனாபிலாக்சிஸ் வரும் என்பதால், தோலைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் பழக்கம் ஆபத்தானது. இரத்த அழுத்தம் சரிந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். ஸ்கேனுக்கோ கழிப்பறைக்கோ எழுப்பி நடத்தக் கூடாது, சட்டென்று நிமிர்த்தி உட்காரவைத்த அந்த நொடியிலேயே உயிர் போன நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மூச்சுத்திணறல் மட்டும் மிகுந்திருப்பவர் காலை நீட்டி உட்காரலாம்.

ஒரு சிறு குறிப்பு. ஒரே நேரத்தில் ஐம்பது, அறுபது கொட்டு வாங்கியவருக்கு வருவது பெரும்பாலும் நஞ்சின் நேரடிப் பாதிப்பு. அவருடைய சிறுநீரகத்தை அடுத்த சில நாள் கவனிக்க வேண்டும். உங்கள் நோயாளிக்கு இரண்டே கொட்டில் வந்தது ஒவ்வாமை. கதண்டு ஊரில் இந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுமொழி 2
பதிந்தவர்: செவிலியர் பயிற்றுநர்

பேராசிரியர் ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் அச்சம் பேச்சால் போகாது, கையால்தான் போகும். நான் நடத்தும் வகுப்பில் ஒவ்வொருவரும் உண்மையான காலாவதி ஆம்பூலை உடைத்து, 1 மில்லி சிரிஞ்சில் 0.5 மில்லி இழுத்து, 23 எண் ஊசி மாற்றி, பஞ்சு அடைத்த தலையணையில் செங்குத்தாகக் குத்த வேண்டும். ஒருவர் கடிகாரம் பார்ப்பார். முதல் முறை ஏறக்குறைய எல்லோரும் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவார்கள். ஆம்பூலின் கழுத்தைச் சரியாக உடைக்கத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டவர்களும் உண்டு. நான்காவது முறை நாற்பது நொடிக்குள் முடித்துவிடுவார்கள், அப்போது அவர்கள் முகத்தில் வரும் தெளிவை எந்தப் படவிளக்கத்தாலும் கொண்டுவர முடியாது.

இன்சுலின் சிரிஞ்சை எடுக்கவே விடாதீர்கள். அதில் இருப்பது யூனிட் கோடு; பதற்றத்தில் 0.5 மில்லி எது என்று யாருக்கும் தெரியாது, ஊசியும் குட்டை. குழந்தைகளுக்கு எடைக்கு எடை கணக்குப் போடுவதும் அந்த நேரத்தில் நடக்காது. 6 மாதம் முதல் 6 வயது வரை 0.15 மில்லி, 6 முதல் 12 வரை 0.3 மில்லி, அதற்கு மேல் 0.5 மில்லி, ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் ஒரு முறை என்று ஓர் அட்டையில் எழுதி, ஆம்பூல் இருக்கும் தட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது டெஸ்ட் டோஸ், அதாவது முழு மருந்துக்கு முன் சிறிதளவைத் தோலில் போட்டுப் பார்ப்பது. கேஸ் ஷீட்டில் 'ஏடிடி' (டெஸ்ட் டோஸுக்குப் பின்) என்று எழுதியிருக்கும். செவிலியர் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தம் கைக்கு வந்த அளவில் கரைத்து முன்கையில் ஒரு கொப்புளம் எழுப்பி, வட்டம் போட்டு, சிவக்கவில்லை என்றதும் முழு மருந்தையும் நரம்பில் செலுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நானும் பதினைந்து ஆண்டு அப்படித்தான் செய்தேன். இந்தச் சோதனை யாரையும் காப்பதில்லை. முன்பு அந்த மருந்தால் என்ன நேர்ந்தது என்று கேட்பதும், முதல் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் இருப்பதும்தான் காக்கின்றன. அந்தச் சிவக்காத வட்டம் நம்மை அந்த அரை மணி நேரத்திலிருந்து விலக்கிவிடுகிறது.

கடைசியாக ஒரு கோரிக்கை. இரவுப் பணியில் செவிலியர் மட்டுமே இருக்கும் நிலையங்களில், மருத்துவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிராமல் முதல் ஊசியைத் தாமே போடலாம் என்று எழுத்து வடிவில் நிலையாணை கொடுங்கள், டாக்டர். அது இல்லாமல் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் எங்கள் பெண்கள் தயங்கத்தான் செய்வார்கள்.

மறுமொழி 3
பதிந்தவர்: மருத்துவர், யாழ்ப்பாணம்

பாம்புக்கடியை இந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். நாங்களும் இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்தையே பயன்படுத்துகிறோம். அதற்கு எதிர்விளைவு வருவது இங்கு அன்றாட நிகழ்ச்சி. இலங்கையில் 1007 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், நஞ்சுமுறி மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் தோலடியில் 0.25 மில்லி அட்ரினலின் கொடுத்தவர்களுக்குக் கடுமையான எதிர்விளைவுகள் முதல் மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைந்தன. ஏவில் போன்ற புரோமெத்தசினும் ஹைட்ரோகார்ட்டிசோனும் தனியே அப்படித் தடுக்கவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினால் கிடைத்த பயனும் இல்லாமற் போனது.

இதை நான் சொல்வதற்குக் காரணம், ஒவ்வாமை வகுப்பு என்றால் வருவதற்குத் தயங்கும் வைத்தியர்கள் பாம்புக்கடி என்றால் முன்வரிசையில் அமர்வார்கள். அட்ரினலினைப் பலமுறை, பயமின்றிக் கையாளும் வாய்ப்பு ஆரம்ப நிலை மருத்துவமனையில் வேறெங்கும் கிடைப்பதில்லை. நஞ்சுமுறி மருந்துக்கும் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பதால் எதிர்விளைவை முன்னறிய முடியாது, நேரம்தான் வீணாகும். செவிலியர் அம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக் கூறுங்கள்.

மறுமொழி 4
பதிந்தவர்: நுரையீரல் மருத்துவர், ஒவ்வாமைப் பிரிவு

அவசர சிகிச்சையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால், நான் அன்றாட நோயாளிகளைப் பற்றி எழுதுகிறேன். இந்தியாவில் ஒவ்வாமைக்கு என்று தனிப் பட்டமேற்படிப்புத் துறை வளரவில்லை. ஆர்வமுள்ளவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பட்டயப் படிப்பிலோ தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் பயிலரங்கிலோ கற்றுக்கொள்கிறார்கள். எனவே இந்த நோயாளிகளின் சுமை முழுவதும் உங்கள் 40 பேரின் தோளில்தான் இருக்கிறது.

அவர்களுக்கு முதலில் காதைப் பழக்க வேண்டும். நோயாளி 'அலர்ஜி' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. 'காணாக்கடி' என்பார், அது தோல் தடிப்பு. 'சைனஸ்' என்பார், காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு என்று விவரித்தால் அது ஒவ்வாமை மூக்கழற்சி. குழந்தையின் முழங்கை மடிப்பைக் காட்டிக் 'கரப்பான்' என்று சொல்லும் தாய், கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் ஏற்கெனவே நிறுத்தியிருப்பார். குழந்தையின் எடையைப் பார்த்தால் புரியும். இந்தச் சொற்களைத் திருத்த வேண்டாம், 'சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதே பண்டத்தை மறுபடி சாப்பிட்டபோதும் வந்ததா' என்ற மூன்று கேள்விகளை அவற்றின் பின்னால் சேர்க்கப் பழக்கினால் போதும். ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்துபோகும் தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது மிக அரிது. குழந்தைகளுக்குத் திடீரென வரும் தடிப்புக்குப் பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலே காரணம். இவ்விரண்டையும் அறிந்த மருத்துவர் நூற்றுக்கணக்கான வீடுகளில் தேவையற்ற பத்தியத்தை நிறுத்திவிடுவார்.

தோல் குத்துச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யக் கற்பிக்க வேண்டாம். ஆனால் ஒரு முறை கண்முன் செய்து காட்டுங்கள். ஹிஸ்டமின் துளி கொப்புளிப்பதையும், உப்புநீர்த் துளி அப்படியே இருப்பதையும், 15 நிமிடம் கழித்து 3 மில்லிமீட்டர் கொப்புளம் எவ்வளவு சிறியது என்பதையும் பார்த்தவர், நோயாளி கொண்டுவரும் ஆய்வக அறிக்கையைக் கண்டு மிரளமாட்டார். அந்தச் சோதனை காட்டுவது உடல் அந்தப் பொருளை அறிந்துவைத்திருக்கிறது என்பதை மட்டுமே. அதனால் நோய் வருகிறதா என்பதை வரலாறுதான் சொல்லும். நூறு உணவுக்கு ஐஜிஜி (ஐஜிஇ அல்லாத வேறொரு எதிர்ப்பொருள்) பார்த்து இருபதை நிறுத்தச் சொல்லும் அறிக்கைகளை எந்த ஒவ்வாமை மருத்துவ அமைப்பும் ஏற்பதில்லை. அவற்றுக்காக ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்கிச் செலவழிப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

மூக்கைப் பார்த்தால் நெஞ்சையும் கேளுங்கள் என்பதையும் சொல்லுங்கள். 'இளைப்பு' உள்ளவருக்கு, மூச்சுக்குழலை விரிக்கும் சால்புடமால் மாத்திரையும் சிரப்பும் எழுதும் பழக்கம் போக வேண்டும். சால்புடமாலை மட்டும் தனியே கொடுத்துப் பெரியவர்களின் ஆஸ்துமாவைக் கையாள்வதை உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இலேயே கைவிட்டுவிட்டது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு சேர்ந்தே ஆக வேண்டும். ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குடுவை) இல்லை என்பது காரணமாகாது. 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளையிட்டு, சுற்றிலும் காற்றுப் போகாதபடி ஒட்டினால் குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் மதியம் ஒவ்வொரு செவிலியரும் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

மறுமொழி 5
பதிந்தவர்: பொது மருத்துவப் பேராசிரியர் (ஓய்வு)

குத்துச் சோதனையைக் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. காட்டியதைச் செய்துபார்க்கும் ஆசை வரும். அந்த ஒரு மணி நேரத்தைப் பெனிசிலினுக்குக் கொடுக்கலாம். 'பெனிசிலின் ஆகாது' என்று சீட்டில் எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இருப்பதில்லை. சிறு வயதில் காய்ச்சலோடு வந்த தடிப்பை யாரோ மருந்தின் மேல் போட்டிருப்பார்கள். எந்த மருந்து, எந்த ஆண்டு, என்ன நேர்ந்தது என்று மூன்று சொல்லாவது எழுதாமல் 'அலர்ஜி' என்ற முத்திரையை யாருக்கும் குத்தக் கூடாது என்பதைப் பயிற்சியில் சேருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. முதல் நாள் காலை முழுவதும் ஆம்பூலும் தலையணையும் கடிகாரமும்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மதியம் பாம்புக்கடியும் டெஸ்ட் டோஸும். இரண்டாம் நாள் வரலாறு கேட்பதும் ஸ்பேசர் செய்வதும். குத்துச் சோதனை பற்றிப் பேராசிரியர் ஐயாவின் கவலை புரிகிறது. ஆனாலும் அரை மணி நேரம் ஒதுக்கி, என் கையிலேயே போட்டுக் காட்ட எண்ணியிருக்கிறேன். நிலையாணைக்கு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இந்தப் பயிற்சி எத்தனை மாதம் கையில் நிற்கும்?

மறுமொழி 6
பதிந்தவர்: செவிலியர் பயிற்றுநர்

ஆறு மாதத்தில் வேகம் குறைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மாதாந்திரக் கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம், சொல்லாமல் கொள்ளாமல் 'இதோ கதண்டு கொட்டியவர்' என்று தலையணையை நீட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது, அடுத்த முறை கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசி நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை; ஆகவே நடக்காமல் படுத்துக்கொள்வது, 108ஐ அழைப்பது, 'எனக்கு முன்பே இப்படி வந்திருக்கிறது, அட்ரினலின் போடுங்கள்' என்று காட்ட ஒரு சீட்டு ஆகியவைதான் அவர் கையில் இருக்கும் பாதுகாப்பு.

கேட்டவரின் மறுமொழி

இல்லை அம்மா, நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் இன்னும் அதே வாய்க்கால் வேலைக்குத்தான் போகிறார் என்று கிராம சுகாதார செவிலியர் சொன்னார். சீட்டைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். நாளை காலை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.